ஸ்கிராம்பிள்னா தமிழ்ல என்ன சொல்லலாம்?

மேடன்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேமைப் புதுசா ஆடுறவங்க முக்காவாசிப் பேர் பண்றது இதுதான், பந்து கைக்கு வந்ததும் பிளேஸ்டேஷன் கண்ட்ரோலர்ல வேகமா ஓட வைக்கிற ஆர்2 பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, பந்தை எறியற ஆளான குவார்ட்டர்பேக்கைப் பின்னாடியே ஓட விடுறது, நானும் அப்படித்தான் ஆடினேன், பதினஞ்சு யார்டு பின்னாடி போய் மாட்டுவேன். அதுதான் ஸ்கிராம்பிள்னு நெனச்சிருந்தேன். அது இல்ல.

அமெரிக்கன் ஃபுட்பால்ல குவார்ட்டர்பேக்கோட முதல் வேலை பந்தை எறியறது. லைன்மேன் அஞ்சு பேர் முன்னாடி நின்னு எதிராளியைத் தடுப்பாங்க, அவங்களுக்குப் பின்னாடி கிடைக்கிற கொஞ்சூண்டு இடம்தான் பாக்கெட். எறியறதுக்கு ஆள் கிடைக்கல, தடுப்பும் உடையுது, வேற வழியில்லாம அதுல இருந்து பிச்சுக்கிட்டு வெளிய வர்றதுதான் ஸ்கிராம்பிள். ஓடணும்னே திட்டம் போட்டு ஓடினா அதுக்கு இந்தப் பேர் கிடையாது.

இந்தச் சொல் 16ஆம் நூற்றாண்டு கடைசியிலயே இங்கிலீஷ்ல இருக்கு. கையும் காலும் ஊனி அவசரமா ஏறுறது, ஒரு பொருளுக்காக முண்டியடிக்கிறதுன்னு அர்த்தம். முட்டையைக் கலக்கிப் பொரிக்கிறதுக்கும் இதே சொல், இரண்டாம் உலகப்போர்ல எதிரி விமானம் வருதுன்னதும் பிரிட்டிஷ் விமானிங்களை உடனே கிளம்பச் சொன்ன உத்தரவும் இதேதான். ஃபுட்பால்ல இதுக்குப் பேர்போனவர் ஃபிரான் டார்கென்டன், 1961ல மினசோட்டா வைக்கிங்ஸ்ல ஆட ஆரம்பிச்சவர், அவருக்குப் பட்டப்பேரே ஸ்கிராம்பிளர். கேம்ல பேர்போனவர் குவார்ட்டர்பேக் மைக்கேல் விக், மேடன் 2004ல அவரோட வேகத்துக்கு கேம் குடுத்த மார்க் 95, அவரை எடுத்தா எதிர்ல ஆடுறவன் சண்டைக்கு வருவான், அவ்ளோ பிடிக்க முடியாது.

சரி தமிழுக்கு வருவோம். ஓட்டம்னா பத்தாது. தப்பியோட்டம்னா ஜெயில்ல இருந்து ஓடின மாதிரி இருக்கு. விழுந்தடிச்சு ஓடுறதுன்னு நம்ம வீட்டுல சொல்றது ஆங்கில வேர்ச்சொல்லுக்கு ரொம்பவே கிட்ட வருது, ஆனா ஆட்டத்துல குவார்ட்டர்பேக் ஓடுறப்பவும் கண்ணு எறியறதுக்கு ஆளைத் தேடிக்கிட்டேதான் இருக்கும், அந்தத் தடவை பந்து ஆட்டத்துக்கு வந்த கோட்டைத் தாண்டுற வரைக்கும் முன்பக்கம் எறியலாம். அதனால எனக்குப் பிடிச்சது நழுவோட்டம். நழுவுறதுல பயம் மட்டும் இல்ல, சாமர்த்தியமும் இருக்கு.

கண்ட்ரோலர்லயும் இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். ஆர்2வைத் தொடாம இடது ஸ்டிக்கை மட்டும் லேசாத் தள்ளினா குவார்ட்டர்பேக் பாக்கெட்டுக்குள்ளயே ரெண்டு எட்டு ஒதுங்குவார், அது வெறும் நழுவல். ஆர்2வும் சேர்ந்தாதான் நழுவோட்டம், அப்பவும் எறியணும்னா ஆர்2வை விட்டுட்டு எறிங்க, வலதுகைக்காரரை இடதுபக்கம் முழு வேகத்துல ஓடவிட்டு எறிஞ்சா பந்து எங்கயாவது போகும்.