ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்

வேகமாக வளரும் டெக் கம்பெனிகளுக்கு ஆள் எடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. ஆஃபர் கொடுத்ததும் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "சம்பளத்தை இன்னும் கொஞ்சம் ஏற்ற முடியுமா?" கேட்கட்டும், தப்பில்லை. ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. மற்ற கேள்விகளோடு என்னிடம் வருவது வேலையை விடும் நேரத்தில்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 30 பேர் இருக்கும் கம்பெனியில் "இது என் வேலை இல்லை" என்று ஒதுங்க இடமே கிடையாது. புரோகிராம் எழுதியவரே அதை சர்வரில் ஏற்றுவார், ராத்திரி அது விழுந்தால் அவரே எழுந்து பார்ப்பார், காலையில் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவதும் அவரே. அப்படி அடிபட்டுக் கற்றவரை இன்டர்வியூவில் இரண்டு கேள்வியிலேயே அடையாளம் தெரிந்துவிடும். எதைக் கேட்டாலும் "டீம் செய்தது" என்று நழுவ மாட்டார்.

அதே ஆள், கம்பெனி 300 பேராகும்போது வாடிப்போவதையும் பார்த்திருக்கிறேன். நேற்றுவரை நிறுவனரோடு நேராகப் பேசியவருக்கு மேல் வெளியிலிருந்து ஒரு மேனேஜர் வந்து உட்காருவார். மூன்று பேர் வேலையைத் தனியாகப் பார்த்தவரிடம் அதில் ஒரு துண்டுதான் மிஞ்சும். யார்மேலும் குற்றம் இல்லை. கம்பெனி வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, சம்பளத்தோடு கம்பெனிப் பங்குக்கும் வழி காட்டும் ஸ்டாக் ஆப்ஷனுக்கு வருவோம். அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். 4,800 ஆப்ஷன் என்று லெட்டரில் இருந்தால், சேர்ந்த அன்றே 4,800 பங்கு உங்களுடையது என்று அர்த்தமில்லை. வழக்கமான ஏற்பாடு 4 வருட வெஸ்டிங், அதாவது ஆப்ஷன் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கைக்கு வருவது. அதில் முதல் வருடம் கிளிஃப், அது முடியும்வரை எதுவும் கைக்கு வராது. 12 மாதம் முடிந்ததும் 1,200, அப்புறம் மாதம் 100. நடுவில் 11 மாதத்தில் கிளம்பினால் பூஜ்யம். நானே ஒரு இடத்தில் அப்படிக் கிளம்பியவன்தான். ராஜினாமாவைக் கொடுத்த பிறகுதான் அந்தப் பக்கத்தைப் படித்தேன்!

வெஸ்ட் ஆன ஆப்ஷனும் இன்னும் பங்கு ஆகவில்லை. குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே அது. வாங்கக் கையில் பணம் வேண்டும். விலகியவருக்குப் பல கம்பெனிகள் அதற்கு 90 நாள்தான் தருகின்றன. சில நாடுகளில், விற்றுக் காசாக்காத பங்குக்கே வரி வந்து நிற்கும்.

இன்னொன்று, கம்பெனி விலைபோனால் பணம் எல்லோருக்கும் சமமாகப் பிரியாது. முதலீட்டாளர்கள் பெரும்பாலும் போட்டதை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையோடுதான் வருவார்கள். அவர்கள் 50 கோடி போட்டு, கம்பெனி 60 கோடிக்கு விற்றால், மீதி 10 கோடிதான் மற்றவர்களுக்கு. "60 கோடிக்கு விற்பனை" என்ற செய்தியைப் பார்த்து சொந்தக்காரர்கள் வாழ்த்துச் சொல்வார்கள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

வேலை நிலைக்குமா என்பது அடுத்தது. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவில் 2019 முடிவில் சுமார் 45,000 பேர் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் 87,000. அதே வருடம் நவம்பரில் 11,000-க்கும் மேற்பட்டோரை அனுப்பினார்கள். வளர்ச்சி அப்படியே தொடரும் என்று தப்புக்கணக்குப் போட்டதாக அதன் தலைவர் மார்க் சக்கர்பெர்க்கே ஒப்புக்கொண்டார். அவ்வளவு லாபம் பார்க்கும் இடத்திலேயே இதுதான் நிலைமை. முதலீட்டாளர் பணத்தில் ஓடும் கம்பெனியென்றால், கையில் இருக்கும் பணத்தை மாதா மாதம் கரையும் பணத்தால் வகுத்துப் பாருங்கள். வருவது ரன்வே, அதாவது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பது. இதைக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். நிறுவனரிடம் முதலீட்டாளர் கேட்கும் கேள்விதான் இது.

ஆன்-கால், அதாவது வேலை நேரம் முடிந்தும் கூப்பிட்டால் உடனே பார்க்கத் தயாராக இருக்கும் பொறுப்பு, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், ராத்திரி விழித்தால் மறுநாள் ஓய்வு உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். "நாங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி" என்று பதில் வந்தால், எண்ணிக்கையை இன்னொரு முறை கேளுங்கள்.

சமீபத்தில் ஒரு பெண் என்னிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "இந்த இடத்தில் எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் சார் போனார்?" என்றார். எனக்கே தெரியவில்லை. விசாரித்துவிட்டு மறுநாள் உள்ளதைச் சொன்னேன். அவர் சேரவில்லை.