டயலாக் சீன் இழுக்குதுன்னு சொன்னா உடனே கத்தரிய எடுக்காதீங்க

"சீன் கொஞ்சம் இழுக்குது, டைட் பண்ணிடுங்க." எடிட்டிங்ல உக்காந்தவங்க எல்லாருக்கும் பழகின வரி. புதுசா வர்ற பசங்க இத கேட்டதும் நேரா டைம்லைனுக்குப் போயி, வேவ்ஃபார்ம்ல, அதாவது சத்தத்த கோடா காட்டுற படத்துல, எங்கெல்லாம் கோடு தட்டையா படுத்திருக்கோ அங்கெல்லாம் ரிப்பிள் டெலீட் (வெட்டின இடம் தானா மூடிக்கிற வெட்டு) அடிச்சுட்டு, ஒரு நிமிஷம் கொறச்சுட்டேன்னு சந்தோஷமா வந்து நிப்பாங்க. குறை சொல்லல, நானும் அதையேதான் பண்ணேன்.

அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் வீடு விக்கிறத பத்தி சண்டை போடுற சீன், ரஃப் கட்ல (மொத தடவ அடுக்கினதுல) 4 நிமிஷம் இருந்துச்சு, நான் 2 நிமிஷம் 40 செகண்டுக்கு கொண்டு வந்துட்டேன். டைரக்டர் பாத்துட்டு "முன்னாடி மெதுவா போரடிச்சுது, இப்ப வேகமா போரடிக்குது"ன்னாரு. சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா திரும்ப ஓட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, அண்ணன் "அப்பா கையெழுத்து போட்டாரா?"ன்னு கேக்குறான், தங்கச்சி கிட்டத்தட்ட ரெண்டு செகண்ட் சும்மா இருந்துட்டு "போட்டாரு"ங்கிறா. அந்த ரெண்டு செகண்ட்லதான் அவ பொய் சொல்றான்னு நமக்கே தெரியும். நான் அத 6 ஃப்ரேமா (செகண்டுக்கு 24 ஃப்ரேம், அப்ப கால் செகண்ட்) ஆக்கி வெச்சிருந்தேன், அவ உண்மைய சொன்ன மாதிரி ஆயிடுச்சு, சீன்ல விஷயமே இல்லாம போச்சு.

அதுக்கப்புறம் எந்த கேப்ப பாத்தாலும் இது யாரோட கேப்னு கேட்டுக்குவேன். கேரக்டரோடதா, இல்ல ஷூட்டிங்கோடதா? ஷூட்டிங்ல சிங்கிள் ஷாட் (ஒருத்தர மட்டும் காட்டுற ஷாட்) எடுக்கும்போது ஒருத்தர் மேல ஒருத்தர் பேசக் கூடாது, அப்பதான் ஆடியோ கிளீனா கெடைக்கும்னு சொல்லித்தான் எடுப்பாங்க, அதனால ஆக்டர் எதிராளி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாரு. அது கோவமோ யோசனையோ இல்ல, மரியாதை. ஒரு வரிக்கு அரை செகண்ட்னு வெச்சாலும் 40 வரி சீன்ல 20 செகண்ட் சும்மா போயிடும். வெட்ட வேண்டியது இதைத்தான்.

நிஜத்துல மனுஷங்க எவ்ளோ வேகமா பதில் சொல்றாங்கன்னு தெரிஞ்சா இது இன்னும் சுலபம். பத்து மொழிகள்ல கேள்வி பதில அளந்து 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்கிற இடைவெளி சராசரியா சுமார் 200 மில்லி செகண்ட்தான். 24 ஃப்ரேம்ல ஏறக்குறைய 5 ஃப்ரேம். அதே ஆய்வுல இன்னொன்னும் இருக்கு, கேட்டதுக்கு ஒத்துப்போற பதில் சீக்கிரம் வருது, ஒத்துப்போகாத பதில் தாமதமா வருது. அதாவது கேப் நீளமானாலே கேக்குறவன் மனசுக்குள்ள "ஏதோ இருக்கு"ன்னு மணி அடிக்கும். அதனால சாதாரண பேச்சுல 12 ஃப்ரேம் விட்டீங்கன்னா இல்லாத அர்த்தம் ஒண்ணு வந்து ஒட்டிக்கும், அர்த்தம் இருக்குற இடத்துல 5 ஃப்ரேமா வெட்டினீங்கன்னா இருக்குறதும் போயிடும். எல்லா கேப்பும் ஒரே சைஸ்ல இருந்தா ரெண்டு மெஷின் பேசிக்கிற மாதிரிதான் கேக்கும்.

ஆட்டோமேட்டிக்கா சைலன்ஸ் தூக்குற டூல் பத்தி கண்டிப்பா சொல்லணும், ஏன்னா இப்ப நெறைய பேரு அத தட்டிவிட்டுட்டு வேல முடிஞ்சுதுன்னு எழுந்திருச்சுடுறாங்க. தமிழ்ல க்க, ட்ட, த்த, ப்ப வரும்போது நடுவுல காத்து அடைபட்டு நிக்கும், அந்த 3, 4 ஃப்ரேம் வேவ்ஃபார்ம்ல சுத்தமா தட்டையாத்தான் இருக்கும். டூலோட குறைந்தபட்ச நேரத்த ரொம்ப சின்னதா வெச்சிருந்தா அதையும் சைலன்ஸ்னு நெனச்சு தூக்கிடும், "பட்டம்", "வெக்கம்" எல்லாம் பாதி முழுங்கின மாதிரி வரும். வார்த்தையோட தொடக்கத்துலயும் இதே கதைதான், "போ"ன்னு சொல்றதுக்கு முன்னாடி உதடு மூடுறது படத்துல தெரியும், சத்தத்துல தெரியாது, சத்தம் ஆரம்பிக்கிற எடத்துல ஒட்ட வெட்டினா வாய் ஏற்கனவே தெறந்தபடி ஷாட் ஆரம்பிக்கும். அரை செகண்டுக்கு கீழ உள்ளத தொடாதன்னு செட் பண்ணி, ரெண்டு பக்கமும் 4 ஃப்ரேம் விட்டு ஓட்டுங்க, மிச்சத்த கையால பண்ணுங்க.

மூச்சும் அப்படித்தான். பேசுறதுக்கு முன்னாடி இழுக்குற மூச்ச எல்லாத்தையும் தூக்கிட்டா கேக்குறவங்களுக்கு மூச்சு முட்டும், சத்தியமா. சத்தத்த கொறச்சு வெச்சுட்டா போதும்.

இன்னொரு விஷயம், தமிழ்ல வினை கடைசிலதான் வருது. "நான் உன்ன நம்ப" வரைக்கும் சொன்னா நம்புறானா நம்பலையான்னு யாருக்கும் தெரியாது. ஓவர்லாப் வேணும்னு அடுத்தவரோட வரிய 8 ஃப்ரேம் முன்னாடி இழுத்து வெச்சீங்கன்னா முக்கியமான அந்த "ல" அடில மாட்டி காணாம போயிடும். சண்ட சீன்ல ஒருத்தர ஒருத்தர் மறிச்சு பேசணும்தான், ஆனா பாக்குறவனுக்கு அர்த்தம் ஏற்கனவே புரிஞ்ச வரியில மறிங்க, புதுத் தகவல் வர்ற வரியில கடைசி எழுத்து வரைக்கும் விட்டுடுங்க. சப்டைட்டில் போடாம பாத்தா இந்த தப்பு உடனே தெரியும், டயலாக்க மனப்பாடமா தெரிஞ்ச எடிட்டருக்கு மட்டும் தெரியாது.

நான் பண்றது என்னன்னா, மொதல்ல படத்த மறைச்சுட்டு சத்தத்த மட்டும் ரேடியோ நாடகம் மாதிரி அடுக்கிக்கிறேன். பேச்சோட ஓட்டம் காதுக்கு சரியான பிறகுதான் மொகம். அப்ப எந்த வரிய எவ்ளோ இழுக்கணும்னு முன்னாடியே முடிவாயிடுது, யார் மொகத்துல இருக்கணும்ங்கிறது மட்டும்தான் மிச்சம். பேசுறவர் வாய் தெரியாத ஷாட் இருக்குற வரைக்கும் வரிய எப்படி வேணா நகத்தலாம், கேக்குறவரோட ரியாக்‌ஷன்ல இருந்தா யாருக்கும் தெரியாது. ஓவர் த ஷோல்டர்ல (ஒருத்தர் தோளுக்குப் பின்னாடி இருந்து எதிர்ல இருக்குறவர காட்டுற ஷாட்) மட்டும் ஜாக்கிரதை, வாய் தெரியலன்னாலும் தாடையும் கன்னமும் அசையுறது தெரியும், சத்தம் இல்லாம தாடை ஆடினா அசிங்கமா இருக்கும். ரெண்டு பேரும் ஒரே ஷாட்ல, கேமராவும் ஆடாம இருந்தா, நடுவுல கோடு போட்டு ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் பண்ணி ஒரு பக்கத்த மட்டும் 10 ஃப்ரேம் முன்னாடி தள்ளிடலாம், கோட்ட யாரும் தாண்டாத வரைக்கும் கண்டுபிடிக்கவே முடியாது.

பேசுறவர் மாறும்போதெல்லாம் கட் பண்ணா, கேப் எல்லாம் கரெக்டா இருந்தாலும் பிங்பாங் பாக்குற மாதிரி கழுத்து வலிக்கும். அடுத்தவர் குரல முன்னாடி கொண்டு வர்ற ஜே கட்டு, முடிச்சவர் குரல கேக்குறவர் மொகத்து மேல ஓடவிடுற எல் கட்டு, இதெல்லாம் 6லேர்ந்து 10 ஃப்ரேம் போதும், சீன்ல நெஜமாவே ஒரு நிமிஷம் கூட கொறஞ்சிருக்காது, ஆனா வேகமான மாதிரி இருக்கும். ரூம் டோன், அதாவது யாரும் பேசாதப்ப அந்த எடத்துல இருக்குற சத்தம், இல்லாம கேப்ப காலியா விட்டீங்கன்னா அத்தனையும் பாழ், ஒவ்வொரு வெட்டும் காதுல டக்கு டக்குன்னு விழும். செட்லயே ஒரு 30 செகண்ட் எடுத்துக் குடுங்கன்னு கெஞ்சுங்க.

அம்பதாவது தடவ பாக்கும்போது எல்லாமே இழுக்குற மாதிரிதான் தெரியும், அது சீனோட கொறை இல்ல, நம்ம கண்ணு சலிச்சுப் போச்சு. அன்னிக்கி வெட்டுறத வேற டூப்ளிகேட் டைம்லைன்ல வெட்டுங்க, மறுநாள் காலைல பாத்தா பாதிய திருப்பி வெப்பீங்க. எங்க அண்ணன் தங்கச்சி சீன் கடைசில 3 நிமிஷம் 5 செகண்ட்ல நின்னுச்சு, அந்த பொய்க்கு 40 ஃப்ரேம் குடுத்துட்டோம். அப்புறம் பைலட் ட்ராக்க (ஷூட்டிங்ல பதிவு பண்ண குரல) தூக்கிட்டு டப்பிங் ஏறினதும், வாய் தெரியாத வரிகள்ல ஆர்ட்டிஸ்ட் அவங்க இஷ்டத்துக்கு கொஞ்சம் நிதானமா பேசியிருந்தாங்க, நாங்க பாத்துப் பாத்து கட்டின 5 ஃப்ரேம் எல்லாம் மறுபடி கலைஞ்சு கெடந்துச்சு. டப்பிங் வந்தப்புறம் அதுக்குன்னே இன்னொரு அரை நாள் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க.