உபரி நீரா, மறுகால் நீரா?

மேட்டூர் அணை நிரம்பும் ஒவ்வோர் ஆண்டும் 'உபரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது' என்ற சொற்றொடர் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் தவறாமல் வந்துவிடுகிறது. அண்மையில் காவிரி நீர்ப் பற்றாக்குறைக்கான தீர்வுகளைப் பற்றிய ஒரு கருத்தரங்கில் அமர்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் நான்கு பேர் 'உபரி நீர்' என்ற சொல்லை நான்கு வேறு பொருள்களில் ஆண்டார்கள். ஒருவர் அணையிலிருந்து வழியும் வெள்ளத்தை அப்படிச் சொன்னார். அடுத்தவர் பங்கீட்டுக் கணக்கில் மிஞ்சுவதைச் சொன்னார். மூன்றாமவருக்கு அது வேறொரு மாநிலம் இன்னும் எடுத்துக்கொள்ளாத பங்கு. நான்காமவருக்கோ கழிமுகத்தைச் சென்றடையும் நீர் முழுவதும் உபரிதான். ஒரே பொருளைப் பேசுவதாக எல்லாரும் நினைத்துக்கொண்டதால் யாரும் யாரையும் மறுக்கவில்லை. முடிவில் தமிழன்பர் ஒருவர் எழுந்து, 'உபரி வடசொல். இனி மிகைநீர் என்று சொல்லுவோம்' என்றார். அரங்கம் கைதட்டியது. எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை.

'உபரி' என்பது வடமொழியில் 'மேல், மேலே' என்று பொருள்படும் சொல். மாடியைக் குறிக்கும் 'உப்பரிகை'யும் அதன் வழிவந்ததே. தேவைக்கு மேற்பட்டது என்னும் பொருளில் அது தமிழில் வேரூன்றியது பெரும்பாலும் அலுவலக நடையாலும் பொருளியல் எழுத்தாலும்தான்: உபரி மதிப்பு, உபரி வருவாய், உபரி ஆசிரியர் என்று அது எங்கும் பரவியிருக்கிறது. வரவு, செலவு, மீதம் என்று ஓடும் கணக்கேட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை. மீந்த பணம் பெட்டியில் கிடக்கும். நாளைக்கும் அதே பணமாக இருக்கும். ஓடும் ஆற்றில் மீதம் என்பது அப்படிக் கிடப்பதில்லை. கணக்கேட்டுச் சொல்லை ஆற்றில் இறக்கிவிட்டதுதான் முதற்பிழை என்பது என் கருத்து.

அந்தப் பிழையை 'மிகைநீர்' திருத்துகிறதா என்றால், இல்லை. அதை இன்னும் ஆழமாக்குகிறது. வடசொல்லுக்குப் பதில் தமிழ்ச்சொல் வேண்டும் என்ற விருப்பத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பிறமொழிச் சொல் நீங்கிய இடத்தில் வந்தமரும் சொல் பொருளைத் தெளிவாக்க வேண்டும். தமிழில் 'மிகை' என்பது வெறும் அளவைச் சொல்லும் சொல் அன்று. அளவு மீறியதையும், வேண்டாததையும், சில இடங்களில் குற்றத்தையுமே அது குறிக்கிறது. 'பிறப்பறுக்கல் உற்றார்க்கு உடம்பும் மிகை' என்னும் குறளில் அது வேண்டாச் சுமை. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் 'மிகைபடக் கூறல்' ஒன்று. இன்றைய வழக்கிலும் மிகைப்படுத்துதல், மிகை மதிப்பீடு, மிகையுணர்ச்சி ஆகியவற்றில் ஒன்றுகூட நல்ல பொருளில் வருவதில்லை. பாடநூலில் 'மிகைநீர்' என்று படிக்கும் மாணவர் அதை 'வேண்டாத நீர்' என்றுதான் மனத்தில் பதித்துக்கொள்வார். வேண்டாத நீரைக் கடலுக்கு விடாமல் யாரோ ஒருவர் எடுத்துக்கொள்வதில் என்ன தவறு என்று அடுத்ததாகக் கேட்பார். சொல்லே வழக்கை முடித்துவைத்த பிறகு பேச என்ன இருக்கிறது?

அந்த அன்பர் தம் வாதத்துக்குத் துணையாக வேறொரு குறளையும் எடுத்துக்காட்டினார்: 'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்.' இங்கே மிகை என்பது பழிப்பில்லாத சொல், மிகுதியானது என்றே பொருள் என்றார். அது உண்மைதான். ஆயினும் அந்தக் குறள் சொல்லும் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். குணத்தையும் நாடி, குற்றத்தையும் நாடி, இரண்டையும் எடைபோட்ட பிறகே மிகை எது என்று சொல்ல முடியும். ஆற்று நீரை மிகை என்பவரும் அதுபோல முதலில் வரத்தை அளந்து, பிறகு தேவையை அளந்திருக்க வேண்டும். எந்த இடத்தின் தேவை, எந்த மாதத்தின் தேவை, அதில் கழிமுகமும் அடங்குமா என்ற கேள்விகளுக்கு விடை சொல்லாமல் 'மிகை' என்று முத்திரை குத்தினால், அவர் காட்டிய குறளே அவருக்கு எதிராக நிற்கும். 'மிகுநீர்' என்று வினைத்தொகையாக்கினால் பழிப்பு நீங்கும் என்பாரும் உண்டு. பழிப்பு நீங்கும், எங்கே மிகுந்தது, எப்போது மிகுந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

2024ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளலாம். வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் மேட்டூர் அணை அந்த ஆண்டு போதிய இருப்பு இல்லாததால் அன்று திறக்கப்படவில்லை. கர்நாடகத்தில் பெய்த கனமழையால் ஜூலை இறுதியில் அது முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. உடனே வந்த நீரெல்லாம் வெளியேற்றப்பட்டது. ஜூனில் குறுவை நெல்லுக்கு நீர் இல்லை, ஆகஸ்டில் 'உபரி'. ஆற்றின் இயல்பு இரண்டு மாதத்தில் மாறிவிடவில்லை. 93.47 டி.எம்.சி (ஒரு டி.எம்.சி என்பது நூறு கோடி கன அடி) மட்டுமே கொள்ளும் ஓர் அணை அன்றைக்கு நிறைந்திருந்தது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை. மிகுதி என்பது நீரின் குணம் அன்று. குறித்த ஒரு நீர்த்தேக்கத்தின், குறித்த ஒரு நாளின் நிலை.

இதை நம் ஊர்ப்புறத்துச் சொல் எவ்வளவு அழகாகப் பிடித்துவைத்திருக்கிறது! தென்மாவட்டங்களில் கண்மாய் நிறைந்தால் 'கண்மாய் பெருகி மறுகால் பாய்கிறது' என்பார்கள். வடமாவட்டங்களில் 'ஏரி கோடி போகிறது' என்பார்கள். மறுகால் என்பது மற்றொரு கால், அதாவது மற்றொரு வாய்க்கால். இந்தக் கண்மாயின் கொள்ளளவைத் தாண்டிய நீர் போவதற்கு ஒரு வழி உண்டு, அந்த வழியின் முடிவில் இன்னொரு கண்மாய் உண்டு என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சிறு வயதில் எங்கள் ஊர்க் கண்மாயின் நீர் வழியும் கலிங்கில் நின்று பார்த்திருக்கிறேன். வரிசையாக நட்ட குத்துக்கற்களுக்கு இடையே நீர் வழுக்கிக்கொண்டு விழும். இன்னும் ஓரடி தேக்கினால் இரண்டாம் போகத்துக்கு ஆகும் என்று ஊர்க்காரர்கள் கற்களுக்கு நடுவே வைக்கோலையும் களிமண்ணையும் அடைப்பார்கள். அன்று மாலையே கீழூரிலிருந்து நாலு பேர் வந்து நிற்பார்கள். 'எங்க கண்மாய் இன்னும் பெருகலையே அண்ணாச்சி, அதுக்குள்ள கலிங்கை அடைச்சா எப்படி?' என்று அவர்கள் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. எங்களுக்கு வழிந்த நீர் அவர்களுக்கு வரத்து. அந்த நீரை மிகை என்று சொல்லும் உரிமை எங்கள் ஊருக்கு இருந்ததில்லை.

எனவே என் முடிவு இது. ஒரு நீர்த்தேக்கம் நிறைந்து வழியும் நீருக்கு 'மறுகால் நீர்' என்பதே சரியான சொல். பங்கீட்டுக் கணக்கில் கழித்தது போக நிற்பதை 'எஞ்சுநீர்' எனலாம். ஒருவருக்கு ஒதுக்கி அவர் இன்னும் எடுக்காததைப் 'பயன்கொள்ளாத பங்கு' என்று நேராகவே சொல்லிவிடலாம். அதற்குத் தனிச்சொல் தேவையில்லை. இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்ததால்தான் காவிரிக்கான தீர்வுகளை ஒப்பிட முடியாமல் போகிறது. நான்காவதான கழிமுகம் சேரும் நீருக்குப் பிறகு வருகிறேன்.

அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தைப் பாருங்கள். பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டிவரும் வெள்ளத்திலிருந்து 1.5 டி.எம்.சியை மேலேற்றி 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் கொண்டுசெல்லும் அந்தத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. வழியும் நாளில் எடுத்து அடுத்த குளத்தில் நிறைப்பது மறுகாலின் வேலையேதான். ஆறு வழியாத ஆண்டில் குழாய்கள் காத்திருக்க வேண்டும் என்பதும் அந்தச் சொல்லிலேயே அடங்கும். மாயனூர்க் கதவணையிலிருந்து 262 கிலோமீட்டர் செல்லும் காவிரி - வைகை - குண்டாறு இணைப்பும் அதே வகை. ஆனால் 'எத்தனை டி.எம்.சி உபரி இருக்கிறது' என்பதையே கேட்டுக்கொண்டிருந்தால் அதை மதிப்பிட முடியாது. ஆற்றில் நொடிக்கு இரண்டு லட்சம் கன அடி ஓடினால் ஒரு நாளில் 17 டி.எம்.சி போய்விடும். நொடிக்கு ஆறாயிரம் கன அடி இழுக்கும் ஒரு பெரிய கால்வாய் அதே நாளில் எடுப்பது அரை டி.எம்.சிதான். ஆகவே கேட்க வேண்டியது, ஆண்டுக்கு எத்தனை நாள் மறுகால் பாய்கிறது என்பதே. எத்தனை கால்வாய் வெட்டினாலும் பெருவெள்ளத்தின் பெரும்பகுதி கடலுக்குத்தான் போகும் என்ற உண்மையையும் இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

கர்நாடகத்தில் காவிரியின் குறுக்கே திட்டமிடப்படும் மேகதாது அணை வேறு வகை. 67 டி.எம்.சி கொள்ளளவில் அங்கே ஓர் அணை கட்டினால் உபரி நீரைத் தேக்கலாம், பெங்களூருக்குக் குடிநீரும் தரலாம் என்று கர்நாடகம் சொல்கிறது. அங்கே 'உபரி' எனப்படுவது எஞ்சுநீர். அதுவும் தாளில் எஞ்சுவது. 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி மாநில எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி வந்தாக வேண்டும். அதற்கு மேல் வருவது எங்களுடையது என்பது வாதம். ஆனால் காவிரிப் பிணக்கைத் தீர்க்க அமைந்த நடுவர் மன்றம் பங்கிட்ட 740 டி.எம்.சி என்பது ஐம்பது விழுக்காடு நம்பகத்தன்மையில் கணக்கிட்டது. இரண்டு ஆண்டுக்கு ஓர் ஆண்டு அந்த அளவு வராமலும் போகலாம். வராத ஆண்டின் பள்ளத்தை ஓரளவேனும் நிரப்புவது வந்த ஆண்டின் வெள்ளம். கலிங்கை அடைக்க வந்த மேலூர்க்காரரும் கேட்க வந்த கீழூர்க்காரரும் இங்கே இரண்டு மாநிலங்களாக நிற்கிறார்கள், அவ்வளவே.

கோதாவரி - காவிரி இணைப்பிலோ, பேசப்படும் நீரில் பெரும்பகுதி சத்தீஸ்கர் இன்னும் பயன்படுத்தாத பங்கு. அதை 'கோதாவரியின் உபரி' என்று எழுதும்போது, நாளை அந்த மாநிலம் தன் பங்கைக் கேட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. டெல்டாவுக்குள்ளேயே செய்யக்கூடிய தூர்வாருதல், முறைப்பாசனம், திருந்திய நெல் சாகுபடி ஆகியவற்றைப் பற்றி எழுதுவோரும் 'சேமிக்கப்படும் உபரி' என்கிறார்கள். மேல்மடையின் வடிகால் நீர் பல இடங்களில் கீழ்மடைக்குப் பாசன நீர் என்பதை டெல்டாவில் ஒரு பருவம் இருந்தவர் அறிவார். அப்படியிருந்தும் என் மதிப்பீட்டில் முதற்பணம் இங்கேதான் செலவாக வேண்டும். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தின் வேகத்தில், காவிரியிலிருந்து கொள்ளிடம் ஆறு பிரியும் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடம் கரை புரண்ட அதே நாள்களில் கடைமடை உழவர்கள் தங்கள் வாய்க்காலுக்கு நீர் வரவில்லை என்று குரல் எழுப்பினார்கள். ஆற்றில் வெள்ளம், வாய்க்காலில் வறட்சி என்ற அந்த நிலைக்கு இன்னொரு மாநிலத்தின் ஆற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள்மீது எனக்குள்ள பெரிய மனக்குறை அடுத்த சொல்லில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பில் நடுவர் மன்றம் தமிழகம், கர்நாடகம், கேரளம், புதுச்சேரி ஆகியவற்றின் பங்குகள் போக, சுற்றுச்சூழலுக்கென 10 டி.எம்.சியும், தவிர்க்க இயலாமல் கடலுக்குச் செல்வதற்கென 4 டி.எம்.சியும் ஒதுக்கியது. இரண்டாவதைத் தமிழில் 'கடலில் வீணாகும் நீர்' என்று எழுதுகிறார்கள். மூலத்தில் 'வீண்' என்ற சொல்லே கிடையாது. முதலாவதைச் 'சுற்றுச்சூழல் ஓட்டம்' என்கிறார்கள். சுற்றுச்சூழல் எங்கே ஓடுகிறது? 'ஆற்றின் பங்கு' என்று சொன்னால் கேட்கும் எவருக்கும் விளங்கும். மாநிலங்களுக்குப் பங்கு இருப்பதுபோல ஆற்றுக்கும் ஒரு பங்கு.

அந்தப் பங்கு போய்ச்சேரும் இடத்தையும் நாம் மறந்துவிட்டோம். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் உள்ள அலையாத்திக் காடுகள் நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடத்தில்தான் வாழ்கின்றன. ஆற்று நீர் குறையும்போது கழிமுகத்தில் உவர்ப்பு ஏறுகிறது, கடற்கரை ஊர்களின் நிலத்தடி நீருக்குள் கடல் புகுகிறது. பட்டினப்பாலை இந்த ஆற்றை 'மலைத்தலைய கடற்காவிரி' என்று அழைக்கிறது. மலையில் தலையும் கடலில் முடிவும் உடையது காவிரி. கடலைச் சேர்வது அதன் பெயரிலேயே இருக்கிறது. அது கடலில் புகும் இடத்துக்குப் புகார் என்று பெயரிட்டுத் தலைநகரும் அமைத்தவர்கள் கடலில் கலக்கும் நீரை வீண் என்று எண்ணியிருப்பார்களா? வெள்ளம் கொள்ளும் இடம் என்பதால்தான் கொள்ளிடம் என்று பெயர் வந்ததாக இன்றும் ஆற்றங்கரையில் சொல்கிறார்கள்.

செய்தி எழுதும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை மேட்டூர் நிரம்பும்போது இப்படி எழுதிப் பாருங்கள்: 'மேட்டூர் அணை பெருகி, பதினாறு கண் மதகு வழியே மறுகால் பாய்கிறது. முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பிவிடப்பட்ட வெள்ளம் கடலைச் சேர்கிறது. கடைமடை வாய்க்கால்களுக்கு இன்னும் நீர் வரவில்லை.'