கிமிக்ஸ்: பொருந்தாத பாட்டுகளைப் பொருத்தும் கணக்கு

மெல்போர்னைச் சேர்ந்த தி அவலான்ச்சஸ் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சின்ஸ் ஐ லெஃப்ட் யூ' ஆல்பம் கிட்டத்தட்ட முழுவதும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளால் ஆனது. மொத்தம் 3,500 துண்டுகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அந்த ஆல்பத்துக்கு விளம்பரமாக வந்த மிக்ஸ்டேப்தான் 'கிமிக்ஸ்'. ஆல்பத்தின் பகுதிகளும் பிறர் பாட்டுகளும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு சுருதியில் பதிவான பாட்டுகள் எப்படி ஒரே மேளத்துக்குப் பாடுகின்றன?

ஆல்பத்துக்காகக் குழுவின் ராபி சேட்டரும் டேரன் செல்ட்மனும் பயன்படுத்தியது அகாய் எஸ் 2000 சாம்பிளர். சாம்பிளர் என்பது ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, அந்த எண்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் பெட்டி. திருப்பி ஒலிக்கும்போது எண்களை வேகமாகப் படித்தால் ஒலி சீக்கிரம் முடியும், சுருதியும் ஏறும். மெதுவாகப் படித்தால் இரண்டும் இறங்கும். இந்த முறையில் வேகத்தையும் சுருதியையும் தனித்தனியாகத் தொட முடியாது. இந்த இசையின் பாதி அழகும் பாதித் தலைவலியும் இங்கிருந்துதான் வருகின்றன.

ஒரு கணக்கு போடுவோம். முதல் பாட்டு நிமிடத்துக்கு 92 அடி, சுருதி ஒன்றரைக் கட்டை. இரண்டாவது 98 அடி, இரண்டு கட்டை. முதலாவதை 98க்கு ஏற்ற 98ஐ 92ஆல் வகுக்க வேண்டும்: 1.065. இந்த வேக விகிதம் சுருதியை 1.09 அரைச்சுரம் உயர்த்தும் (ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் இடையே இருப்பது ஓர் அரைச்சுரம்). ஒன்றரைக் கட்டை ஏறக்குறைய இரண்டு கட்டையாகிவிடும். தாளமும் சேர்ந்தது, சுருதியும் சேர்ந்தது. மிச்சம் நிற்கும் 9 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) பிசகு மேளத்தில் தெரியாது. ஆனால் நீண்டு ஒலிக்கும் வயலினில் விநாடிக்கு இரண்டு மூன்று முறை அலையடிக்கும். சாம்பிளரின் நுண்சுருதித் திருகை 9 சென்ட் இறக்கினால் அலை நிற்கும். வேகம் அரை சதவீதம் குறையும், அதைக் காது மன்னிக்கும்.

எல்லா ஜோடிகளும் இப்படி வாய்ப்பதில்லை. வேகம் பொருந்திச் சுருதி பொருந்தாவிட்டால் வழிகள் குறைவு. துண்டில் மேளம் மட்டும் இருக்கும் பகுதியை எடுக்கலாம், சுருதிப் பிரச்சினையே இல்லை. அல்லது அடிவாரியாக வெட்டி, ஒவ்வொரு அடியையும் வேண்டிய சுருதியில் வைத்து, வேண்டிய நேரத்தில் ஒலிக்க விடலாம். அடிகளுக்கு இடையே சிறு மௌனங்கள் விழும், அதை வேறொரு துண்டால் மூட வேண்டும். டைம்-ஸ்ட்ரெச் என்ற வசதியும் அக்கால சாம்பிளர்களில் இருந்தது. அது ஒலியைச் சில பத்து மில்லி விநாடித் துணுக்குகளாக நறுக்கி, சிலவற்றைத் திரும்பச் சொல்லியோ விட்டுவிட்டோ நீளத்தை மாற்றும். குரலுக்கு ஓரளவு தாங்கும். மேளத்தில் போட்டால் ஓர் அடி இரண்டாகக் கேட்கும்.

வெட்டும் இடம்தான் எல்லாவற்றிலும் கறார் கேட்பது. 98 அடி வேகத்தில் நான்கு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனம் சரியாக 1,08,000 எண்கள், அதாவது 2.449 விநாடி. வெட்டு 500 எண்கள் தள்ளிப் போனால் பிழை 11 மில்லி விநாடி. ஒரு சுற்றில் தெரியாது. துண்டு தானாகவே சுற்றிக்கொண்டிருந்தால் மூன்றாவது சுற்றில் 34 மில்லி விநாடியாகி, இரண்டு மேளங்கள் தடுமாறுவது யாருக்கும் கேட்கும். அதனால் துண்டைச் சுற்ற விடாமல், ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் தொடக்கத்திலும் சீக்குவென்சர் (எந்தத் துண்டு எப்போது ஒலிக்க வேண்டும் என்று ஆணையிடும் கருவி) புதிதாகத் தட்டி எழுப்ப வேண்டும். அப்போது பிழை சேராது. வெட்டும் புள்ளியில் அலை பூஜ்யத்தைக் கடக்க வேண்டும், இல்லையேல் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஸ்டீரியோவில் இரு பக்கமும் ஒரே இடத்தில் பூஜ்யத்தைத் தொடுவது அரிது. 2 முதல் 5 மில்லி விநாடி நீளத்துக்கு ஒலியை ஏற்றி இறக்கிவிட்டால் போதும். அதற்கு மேல் போனால் மேளத்தின் கூர்மை மழுங்கும்.

நினைவகம் இன்னொரு நெருக்கடி. எஸ் 2000இன் உச்ச அளவு 32 மெகாபைட். அதில் ஸ்டீரியோவாக மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கொள்ளும். சாம்பிளர்காரர்களின் பழைய தந்திரம்: 33⅓ சுழற்சித் தட்டை 45இல் ஓட்டிப் பதிவது. துண்டு 26 சதவீதம் சுருங்கும். பிறகு சாம்பிளரில் 5.2 அரைச்சுரம் இறக்கினால் பழைய வேகம் திரும்பும். ஆனால் உச்ச அதிர்வெண் 22 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து (அளக்கும் வீதத்தில் பாதி) 16க்கு இறங்கும். பதிவையே பாதி வீதத்தில், விநாடிக்கு 22,050 என்று செய்திருந்தால் உச்சம் 11இல் தொடங்கி, இறக்கிய பிறகு 8 கிலோ ஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். போர்வைக்குள் இருந்து பாடுவது போன்ற அந்த மந்தம் இந்த வகை இசையில் குறையாகக் கருதப்படுவதில்லை, நியாயம்தான்.

துண்டுகளை அடுக்கும்போது கீழ்ச்சுரங்கள் முட்டிக்கொள்ளும். 55 ஹெர்ட்ஸும் 58 ஹெர்ட்ஸும் ஒன்றாக ஒலித்தால் விநாடிக்கு மூன்று முறை பேஸ் வீங்கித் தணியும். ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் பேஸைக் கொடுத்து, மற்ற அனைத்திலும் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வடிகட்டிவிட வேண்டும். தட்டுகளின் இரைச்சலும் கூடும்: சம அளவு இரைச்சலுள்ள எட்டு துண்டுகள் சேர்ந்தால் 9 டெசிபல்.

கிமிக்ஸ் அரிதானதற்குக் காரணம் தேட அதிகம் அலைய வேண்டாம். ஒரு துண்டை விற்பனைக்குப் பயன்படுத்த இரண்டு அனுமதிகள் வேண்டும்: ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, இசையமைப்பின் உரிமையாளரிடம் இன்னொன்று. ஆல்பத்தில் மடோனாவின் 'ஹாலிடே' பேஸுக்கு முறைப்படி அனுமதி கிடைத்தது. முழுப் பாட்டுகளே ஓடும் ஒரு மிக்ஸ்டேப்புக்கு அத்தனை அனுமதியும் வாங்கிக் கடையில் வைப்பது நடக்கிற காரியமல்ல.

அதனால் சுற்றில் இருப்பவை பெரும்பாலும் பிரதிகளின் பிரதிகள். கைக்கு வந்தது எவ்வளவு சுத்தம் என்று பார்க்க ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் வரைபடத்தில், திறக்க வேண்டும். 16 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டியது போல் காலியாக இருந்தால் 128 கிலோபிட் எம்பி3 வழியாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை ஒலியைக் குறைக்காமல் சேமிக்கும் ஃப்ளாக் கோப்பாக மாற்றினாலும் போனது வராது. சாம்பிள் இசையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: மேலே சொன்ன தந்திரங்களால் சில துண்டுகள் இயல்பாகவே 8, 11, 16 கிலோ ஹெர்ட்ஸில் நின்றுவிடும். வெட்டுக்கோடு துண்டுக்குத் துண்டு ஏறி இறங்கினால் அது சாம்பிளரின் கைவரிசை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உயரத்தில் நேர்கோடாக ஓடினால் அது எம்பி3இன் வேலை.