மாடி வீடு கட்டுகிறவர்களே, லிஃப்டுக்கு இடம் மட்டுமாவது விட்டு வையுங்கள்

மதுரையில் தனி வீடுகள் கட்டித் தரும் சிவில் இன்ஜினியர் நான். சில வருடங்களுக்கு முன், நான் கட்டிக் கொடுத்த ஒரு வீட்டில் மொட்டை மாடி விரிசலைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டு அண்ணன் விரிசலைப் பற்றி அதிகம் பேசவில்லை. முந்தைய வாரம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது, ஸ்ட்ரெச்சர் படிக்கட்டில் திரும்பவில்லை, கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு மாடிதான், 18 படி. படி திரும்பும் இடத்தில் நாற்காலி சுவரில் இடித்து அம்மா அலறியதை அவர் சொன்னபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தத் திருப்பத்தைக் குறுகலாக வரைந்தவன் நான். கார் நிறுத்த இன்னும் அரை அடி வேண்டும் என்று கேட்டார்கள், படிக்கட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இன்ஜினியர் சார், இப்ப லிஃப்ட் வைக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன், வைத்தோம். ஆனால் அதற்குச் சாப்பாட்டு அறையின் மூலையைக் காலி செய்து, இரண்டு தளத்து ஸ்லாபை வெட்டி, புதிதாகப் பீம் கொடுத்து, அந்த நான்கு மாதமும் வீடு முழுக்கத் தூசி, அம்மா மகள் வீட்டில் இருந்தார். கட்டும்போதே யோசித்திருந்தால் இதில் பாதி வேலை இருந்திருக்காது. இதை எழுதுவதே அதற்காகத்தான்.

நம் ஊரில் இப்போது வீடு எப்படிக் கட்டுகிறோம் என்று பாருங்கள். 3 சென்ட் இடம். கீழே கார் பார்க்கிங், மிச்ச இடத்தை வாடகைக்கு விட்டுவிடுவோம். முதல் மாடியில் அப்பா அம்மா, இரண்டாவது மாடியில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். கட்டும்போது அப்பாவுக்கு 58 வயது, படியில் தடதடவென்று ஏறுவார். வீடு 50 வருடம் நிற்கும், முட்டி நிற்காதே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம்.

நான் பார்த்தவரை, முட்டி வலி வந்ததும் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, மெல்ல ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள். முதலில் சாயங்காலக் கோயில் நிற்கும். அப்புறம் மொட்டை மாடியில் வடாம் காயப்போடுவது நிற்கும். பேரனுக்கு அரையாண்டுப் பரீட்சை லீவு, அவன் மேலே இருக்கிறான், தாத்தா கீழே டிவி முன்னால். சாப்பாடு தூக்குவாளியில் இறங்கி வருகிறது, ஆனால் ஆள் வருவதில்லை. ஒரே வீடு என்றுதான் பெயர், நடுவில் 18 படி. படியில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் விழுகிற ஆபத்து அதிகம், அது அவர்களுக்கும் தெரியும், அந்தப் பயத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

லிஃப்ட் என்றால் வயதானவர்களுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பிரசவத்துக்கு வரும் மகள், சிசேரியன் ஆன மருமகள், பைக்கில் விழுந்து காலில் கட்டுப் போட்ட மகன், எல்லோருக்கும் ஒரு சமயம் வரும். முழு கேஸ் சிலிண்டர் 30 கிலோ வரும். அதையும் அரிசி மூட்டையையும் 20 லிட்டர் தண்ணீர் கேனையும் மாடிக்குத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, இடம் எப்படி விடுவது? ஒவ்வொரு தளத்திலும் ஒரு சின்ன ஸ்டோர் ரூம் வையுங்கள், ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக. உள்ளளவு 5 அடிக்கு 5 அடி என்றால் மூன்று பேர் போகிற மாதிரி லிஃப்ட் வைக்கலாம். ஐந்தரைக்கு ஆறு கிடைத்தால் சக்கர நாற்காலியும் அதைத் தள்ளுகிறவரும் சேர்ந்து போக வாய்ப்பு அதிகம், முடிந்தால் அதையே கேளுங்கள். அந்த அறையின் நான்கு பக்கமும் பீம் வரட்டும், நடுவில் குறுக்கே பீமும் வேண்டாம், ஒயர் பைப்பும் வேண்டாம். அப்போதுதான் பிற்பாடு லிஃப்ட் வைக்கும்போது ஸ்லாபை மட்டும் வெட்டி எடுக்க முடியும். எல்லோரும் மறக்கிற விஷயம் தரைக்குக் கீழே இருக்கிறது: அந்த அறைக்கு அடியில் சம்ப், செப்டிக் டேங்க் வரக்கூடாது, பில்லரின் அடித்தளமும் உள்ளே நீட்டிக்கொண்டு வரக்கூடாது. சாதாரணக் கயிற்று லிஃப்டுக்கு நான்கைந்து அடி குழி தேவைப்படும். வீட்டுக்கென்றே வருகிற சில வகைகளுக்கு அரை அடி, ஒரு அடி போதும். எதை வாங்குவோம் என்று இன்றைக்குத் தெரியாது என்பதால் அடியில் மண்ணாகவே விட்டு வைப்பது நல்லது. வாஸ்து பார்க்கிறவர்கள் குழி எந்த மூலையில் வரலாம் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாதி வேலையில் இதற்காகச் சண்டை வந்த வீடுகள் உண்டு. பக்கத்தில் விட வேண்டிய காலி இடத்தில் லிஃப்டை ஒட்ட வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அப்படியே கேட்காதீர்கள், அது விதிமீறலாக இருக்கலாம்.

வாங்கும்போது ஷோரூமில் கண்ணாடியும் விளக்கும் கண்ணைப் பறிக்கும். நீங்கள் கதவைப் பாருங்கள். திறந்த வழி 80 சென்டிமீட்டராவது இருந்தால்தான் சக்கர நாற்காலி தடையில்லாமல் நுழையும். வட்டமாக வரும் சின்ன லிஃப்டுகளில் நாற்காலி ஏறாது. கையால் இழுக்கிற கதவு விலை குறைவு, ஆனால் மேலே யாரோ சரியாகச் சாத்தாமல் போனால் கீழே பாட்டி பட்டனை அழுத்திக்கொண்டே நிற்க வேண்டியதுதான். குழந்தைகள் உள்ள வீட்டில் கம்பிக் கதவு வேண்டவே வேண்டாம், கையை விடுவார்கள். வெளிக்கதவுக்கும் கேபினுக்கும் நடுவில் ஒரு குழந்தை நிற்கும் அளவு இடைவெளி இருந்தால் அந்த மாடலைத் தொடாதீர்கள். தானாகத் திறந்து மூடும் கதவும், குறுக்கே கை போனால் நிறுத்தும் சென்சாரும்தான் என் சிபாரிசு.

கரண்ட் போனால் பேட்டரியில் பக்கத்துத் தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்துவிடும் வசதி கட்டாயம் வேண்டும். அந்தப் பேட்டரியைச் சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், மாதம் ஒரு முறை மெயினை அணைத்து வேலை செய்கிறதா என்று பாருங்கள். உள்ளே மொபைல் சிக்னல் கிடைக்காமல் போகலாம், அதனால் கேபினில் இன்டர்காம் இருக்கட்டும். வீட்டு லிஃப்ட் சில வகைகள் விநாடிக்கு 15 சென்டிமீட்டர்தான் நகரும், 10 அடி ஏற 20 விநாடி ஆகும். மெதுவாகப் போகிறதே என்று குறைப்பட வேண்டாம், பெரியவர்களுக்கு அதுதான் நிதானம்.

1997-ல் வந்த தமிழ்நாட்டு மின்தூக்கிச் சட்டப்படி லிஃப்டுக்கு மின் ஆய்வுத் துறையின் உரிமம் வாங்க வேண்டும். அதை வாங்கித் தருவது யார், வருடாந்திரப் பராமரிப்புக்கு எவ்வளவு, இரவில் நின்றுவிட்டால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். சென்னை மாதிரி வெள்ளம் ஏறும் ஊர் என்றால், 2015-லும் 2023-லும் பார்த்தோமே, மழை எச்சரிக்கை வந்ததும் கேபினை மேல் தளத்துக்கு அனுப்பி மெயினை அணைத்துவிடுங்கள்.

எல்லோராலும் பல லட்சம் போட முடியாது. கீழ்த்தளத்திலேயே அட்டாச்டு பாத்ரூமோடு ஒரு படுக்கையறை கட்ட முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள், வாடகை கொஞ்சம் குறையும், பரவாயில்லை. லிஃப்ட் வந்தாலும் நடக்க முடிந்தவர்கள் டாக்டர் சொன்ன அளவுக்குப் படி ஏறட்டும், அதற்குப் படிக்கட்டின் இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள்.

பிளான் கையில் இருந்தால் இன்றைக்கே எடுத்து, எல்லாத் தளத்திலும் நேர் மேலே நேர் மேலே வருகிற ஓர் அறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பில்லர் குழி தோண்டுவதற்கு முன்னாலேயே உங்கள் இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள். அதன் பிறகு சொன்னால் உடைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.