ஜுரம் எவ்வளவு என்பது இருக்கட்டும், மூச்சைப் பாருங்கள்

வடசென்னையில் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கிருந்து வந்தாலும் பெற்றோர் முதலில் சொல்வது "டாக்டர், ஜுரம் 103" என்பதுதான். நான் அப்போது பார்ப்பது வேறு. குழந்தையைத் தொடாமல், அம்மா மடியில் இருக்கும்போதே, ஆளைப் பார்த்துத் திரும்புகிறதா, மூச்சு எப்படி வாங்குகிறது, தோல் வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா என்று பார்ப்பேன். 103 ஜுரத்திலும் என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுக்கிற பிள்ளையை விட, 100இல் துவண்டு கிடக்கிற பிள்ளையிடம்தான் முதலில் ஓடுவேன். 3 மாதம் நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எந்த ஜுரமானாலும் அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

மூச்சை வீட்டிலேயே எண்ணலாம். குழந்தை அழாதபோது சட்டையைத் தூக்கிவிட்டு முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள்: 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40, இதைத் தொட்டாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூக்கு விடைத்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ எண்ணிக்கொண்டே நிற்காதீர்கள், கிளம்புங்கள். அந்த முனகலை வயிற்றுவலி என்று நினைத்து, உரம் எடுக்க ஒரு இடம், தொக்கம் எடுக்க ஒரு இடம் என்று நாட்டு வைத்தியத்துக்கு அலைந்துவிட்டு ராத்திரி வருகிறார்கள். பாட்டிகள் மேல் எனக்குக் கோபமில்லை, பிள்ளை சரியில்லை என்று முதலில் கண்டுபிடிப்பதே பல வீடுகளில் அவர்கள்தான். கையைவிட்டுப் போன அந்த அரை நாளை நினைத்தால்தான் மனசு ஆறுவதில்லை.

அப்புறம் டெங்கு. "ஜுரம் விட்டுடுச்சு, ஆனா ரொம்ப சோர்வா இருக்கான்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பகீர் என்கிறது, ஏனென்றால் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், ஜுரம் இறங்குகிற சமயத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாமல் பிள்ளை ஷாக்குக்குப் போகும். கை கால் சில்லிடும், வயிறு வலிக்கும், வாந்தி நிற்காது, ஒண்ணுக்குப் போவது குறையும். பிபி நார்மலாக இருக்கிறதே என்று எங்களைப் போன்றவர்களும் நம்பிவிடக் கூடாது. குழந்தைகளுக்கு அது கடைசியில்தான் விழும். நெஞ்சில் விரலால் அழுத்தி எடுத்தபின் நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆனால், அந்தப் பிள்ளை வரிசையில் உட்காரக் கூடாது.

அம்மாக்களே, "இவன் இப்படி இருக்கிற பிள்ளை இல்லை" என்று உங்களுக்குத் தோன்றினால் அதைத் தயங்காமல், இன்னொரு தடவை கூடச் சொல்லுங்கள், நான் அதைக் கேஸ் ஷீட்டிலேயே எழுதுவேன். கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனான், எந்த மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மயக்கமாக இருக்கிற பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.