நேர்க்கோடு வந்தால் குவாண்டம் மாறுநிலை ஆகிவிடாது

மறுபடியும் அதே வரைபடம். ஏதோ ஓர் இரும்புச் சேர்மம், திரவ நைட்ரஜனில் 80 கெல்வின் வரை குளிர்வித்து அளந்த மின்தடை, வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்க்கோடு. முடிவுரையில் "குவாண்டம் மாறுநிலை காணப்பட்டது", அதாவது காந்த ஒழுங்கு தனிச்சுழி வெப்பநிலையிலேயே மறையும் புள்ளியைப் பிடித்துவிட்டார்களாம். தஞ்சாவூர், திருச்சிப் பக்க முதுகலைத் திட்ட அறிக்கைகளில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஒரு செப்புக் கம்பியை அதே கருவியில் அளந்து பாருங்கள். அதுவும் நேர்க்கோடுதான் தரும். அங்கே எலக்ட்ரானைத் தடுப்பது அணுக்களின் அதிர்வு, காந்தம் அல்ல. பாஸ்பரஸ் 30% கலந்த பேரியம் இரும்பு ஆர்சனைடு என்ற மீகடத்தியில் நேர்க்கோடு வருகிறதே என்பீர்கள். வருகிறது. ஆனால் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வும் (NMR) மீகடத்திக்குள் காந்தப்புலம் ஊடுருவும் ஆழமும் கூடவே சாட்சி சொன்னதால்தான் அதை நம்புகிறோம். சாதாரண உலோகத்தில் சில கெல்வினில் தடை வெப்பநிலையின் வர்க்கமாக ஏறும். மாறுநிலைக்கு அருகே அந்த அடுக்கு 3/2, 5/3 என்று குறையும். வெப்ப ஏற்புத்திறனை வெப்பநிலையால் வகுத்தால் வருவது குளிரக் குளிர மடக்கையாக ஏறும். இரண்டையும் பாருங்கள்.

அதற்கும் முன்னால் தராசைப் பாருங்கள். ஒரு நயோபியத்துக்கு இரண்டு இரும்பு என்ற சேர்மம் சுமார் 10 கெல்வினுக்குக் கீழே ஸ்பின் அடர்த்தி அலையாகிறது, அதாவது எலக்ட்ரான்களின் காந்தத்தன்மை அலைபோல் ஏறி இறங்கும் ஒழுங்கு. இரும்பு சற்றே கூடினால் ஃபெரோகாந்தம், சாதாரண இரும்புக் காந்தம் போல. நயோபியம் 1% கூடி 1.01க்கு 1.99 ஆனால்தான் மாறுநிலை. 2 கிராம் மாதிரியில் இந்த வித்தியாசம் 7.4 மில்லிகிராம் நயோபியம், இரண்டு மூன்று எள் எடை! நயோபியம் உருக 2477 டிகிரி செல்சியஸ் வேண்டும். இரும்பு உருகுவதோ 1538இல். ஆர்க் உலையில் நயோபியம் உருகும்வரை இரும்பு ஆவியாகிக்கொண்டே இருக்கும். 16 மில்லிகிராம், ஏறக்குறைய ஒரு பொன்னி நெல்மணி எடை இரும்பு போனாலே நீங்கள் எழுதிவைத்த கலவை வேறு, கையில் இருக்கும் கலவை வேறு.

உருக்கியபின் கட்டாயம் எடை போடுங்கள். உருகி உறைந்த உருண்டையைப் புரட்டிப் புரட்டி நான்கைந்து முறை உருக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இரும்புத் துண்டு ஒரே இரவில் துருப்பிடிக்கும். துருவையும் சேர்த்து நிறுக்காதீர்கள், தேய்த்த கையோடு நிறுங்கள். எஃகு இடுக்கி வேண்டாம், பிளாஸ்டிக் போதும். அறை வெப்பநிலையில் காந்தமாக்கக் கோடு (காந்தப்புலத்துக்கு எதிராக மாதிரியின் காந்தத்தன்மை) புலம் சுழியருகே செங்குத்தாக எழும்பிப் பிறகு சாய்ந்தால் அது ஒட்டிய இரும்புத் தூள், புதிய இயற்பியல் அல்ல. திரவ ஹீலியத்தில் சில கெல்வின் வரை அளக்க நேரம் கேட்டு இந்தூர் ஆய்வு மையத்துக்கு எழுதும் முன் இந்த ஒரு சோதனையையாவது செய்துவிடுங்கள்.